கணக்குக் கேட்பவர்களிடம் கணக்குக் கேட்பது யார்?

2023 ஆம் ஆண்டு யூலை 7 ஆம் நாள், குயின்ஸ்லாந்தின் முன்னாள் தலைமை நீதியரசர் கத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணைக்குழுவின் அறிக்கை கன்பராவில் வெளியிடப்பட்டது. 'ரோபோடெட்' என்று உலகறிந்த அந்தக் கடன் வசூலிப்புத் திட்டம் நியாயமானதுமன்று, சட்டபூர்வமானதுமன்று என்று அவ்வறிக்கை ஐயத்துக்கிடமின்றி உரைத்தது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மீது, அவர்கள் அரசுக்குத் தரவேண்டியிராத பணம் கடனாகச் சுமத்தப்பட்டிருந்தது. உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் தாய்மார் அந்த ஆணைக்குழுவின் முன் வந்து சாட்சியம் அளித்தனர்.

அத்திட்டம் இயங்கிய முறை மிக எளிது. ஒருவர் ஓராண்டில் பெற்ற மொத்தச் சம்பளத்தை வேலை வழங்கியவர் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கிறார். அந்த ஒற்றை எண்ணைச் சமூகநலத் துறையான சென்ரர்லிங் பெற்று, ஆண்டின் 26 இருவாரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டது. ஓர் இளைஞர் ஆறு மாதம் வேலை செய்து 26,000 டொலர் உழைத்துவிட்டு, அடுத்த ஆறு மாதம் வேலையின்றி உதவிப்பணம் பெற்றார் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் இருவாரத்துக்கு 1,000 டொலர் வீதம் அவர் உழைத்ததாகக் கணினி கூறியது. உதவிப்பணம் பெற்ற மாதங்களிலும் அவருக்குச் சம்பளம் இருந்தது என்று அது முடிவு கட்டியது. இல்லை என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு அவ்விளைஞரின் தலையில் விழுந்தது. பல ஆண்டுகளுக்கு முந்திய சம்பளச் சீட்டுக்களைத் தேடி மக்கள் அலைந்தனர். சம்பளம் கொடுத்த கடைகள் சில மூடப்பட்டும் விட்டன.

இங்கே ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வரித் திணைக்களம் கொடுத்த எண்ணில் பிழை இருக்கவில்லை. வேலை வழங்கியவர் சொன்ன ஆண்டுச் சம்பளம் உண்மையானதே. மூன்றாம் தரப்பொன்று ஒரு தேவைக்காகச் சொன்ன உண்மையை, வேறொரு தேவைக்காக எடுத்து, அதற்கு இல்லாத பொருளைக் கற்பித்து, அதன் மேல் கடனை எழுதியதே குற்றமாயிற்று. 2019 நவம்பரில், மெல்பேர்ணைச் சேர்ந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில், அவர் மீதான கடன் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் பிரகடனம் செய்தது. அதற்கு முன்னரே அவருக்குச் சேரவேண்டிய வரி மீளளிப்புப் பணம் அக்கடனுக்கென எடுக்கப்பட்டிருந்தது. 2021 யூனில் சுமார் 180 கோடி டொலர் பெறுமதியான இணக்கத்தீர்வை நீதிமன்றம் அங்கீகரித்தது. 2025 செப்டெம்பரில் மேலும் 47.5 கோடி டொலர் இழப்பீட்டுக்கு அரசு இணங்கியது. இப்பணம் அனைத்தும் பொதுமக்களின் வரிப்பணமே.

சென்ரர்லிங் திருந்தியது, கதை முடிந்தது என்று எண்ணுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அதே தரவுகளின் பிறப்பிடமாகிய வரித் திணைக்களத்தில், மூன்றாம் தரப்புத் தரவுகளின் அளவு ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றது. அத்தரவுகளுக்கு எதிராக வரி செலுத்துநருக்குள்ள காப்போ அதே வேகத்தில் வளரவில்லை. இந்த இடைவெளி புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களை ஏனையோரிலும் கூடுதலாகப் பாதிக்கக் கூடியது. ஆகவே தமிழர் இதுபற்றி வாய்திறக்கவேண்டிய காலம் வந்துள்ளது.

திணைக்களம் அறிந்திருப்பவை

வங்கி வட்டி, பங்குகளின் இலாபப்பங்கு, தனியார் மருத்துவக் காப்புறுதி, அரச கொடுப்பனவுகள் ஆகியன வரிப்படிவத்தில் முன்கூட்டியே நிரப்பப்பட்டு வருவதை அனைவரும் அறிவர். 2018 யூலையில் பெரிய நிறுவனங்களுடன் தொடங்கி, 2019 யூலையில் சிறு நிறுவனங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்ட ஏற்பாட்டின்படி, சம்பளம் வழங்கப்படும் ஒவ்வொரு முறையும் அதன் விபரம் திணைக்களத்துக்குச் செல்கிறது. 2023 யூலை முதல் வாடகைக்கார் செயலிகளும் குறுகிய கால விடுதிச் செயலிகளும், 2024 யூலை முதல் ஏனைய பணிச் செயலிகளும், தம் வழியாக உழைப்போரின் வருமானத்தை அறிவிக்கவேண்டியுள்ளன. இரவில் உணவு விநியோகம் செய்து படிப்புச் செலவைச் சமாளிக்கும் தமிழ் மாணவரின் கணக்கும் இதில் அடங்கும்.

காணிப் பதிவகங்களிலிருந்தும், வாடகை முற்பணம் காக்கும் மாநில அமைப்புகளிலிருந்தும், முதலீட்டு வீட்டுக்கடன் வழங்கும் வங்கிகளிலிருந்தும் தரவுகள் திரட்டப்படுகின்றன. எண்ணிம நாணயச் சந்தைகளிடமிருந்து 2019 முதல் தரவு பெறப்படுகிறது. இந்த ஒரு திட்டத்தில் மட்டும் ஆண்டுதோறும் 7 இலட்சம் முதல் 12 இலட்சம் பேர் வரையிலானோரின் விபரங்கள் அடங்கும் என்று 2024 இல் திணைக்களமே மதிப்பிட்டது.

கடல் கடந்த பணத்தின் நிலை இதனிலும் தெளிவானது. அவுஸ்திரேலியாவுக்குள் வரும், அவுஸ்திரேலியாவிலிருந்து செல்லும் பணமாற்றுக்கள், தொகை எவ்வளவு சிறியதாயினும், நிதிப் புலனாய்வு நிறுவனமான ஒஸ்ட்ராக்குக்கு அறிவிக்கப்படுகின்றன. அத்தரவு வரித் திணைக்களத்துக்கும் கிடைக்கிறது. 2018 முதல், இந்தியா, சிங்கப்பூர், ஐக்கிய இராச்சியம் உட்பட 100க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்துள்ள பொது அறிக்கையிடல் முறையின் கீழ், அயல்நாட்டு வங்கிக் கணக்குகளின் இருப்பும் வட்டியும் ஆண்டுதோறும் அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்கின்றன.

இவற்றில் எதுவும் தன்னளவில் தவறன்று. அவுஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழ்பவர் உலகெங்கும் ஈட்டும் வருமானத்துக்கு வரி செலுத்தக் கடமைப்பட்டவர். சென்னையில் வீட்டு வாடகை பெற்று அதை மறைப்பவர், டண்டினொங்கில் தொழிற்சாலையில் வேலைசெய்து சம்பளத்திலேயே வரி கழிக்கப்படும் தன் அயலவரின் பணத்தில் மருத்துவமனைக்குச் செல்கிறார். வரி ஏய்ப்போரைக் காப்பாற்ற எந்தச் சமூக அமைப்பும் குரல் எழுப்பலாகாது. ஆனால் ஏய்ப்போரைப் பிடிக்க விரிக்கப்படும் வலையில் ஏய்க்காதவர் சிக்கினால், அவரை யார், எப்படி, எத்தனை நாளில் விடுவிப்பது என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவேண்டும்.

கணினிக்குத் தெரியாதவை

தரவுத்தளங்களோடு அன்றாடம் புழங்கும் எவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. ஒரு பதிவு, அதை உருவாக்கியவருக்கு எது தேவையோ அதை மட்டுமே பதிகிறது. பணமாற்றுப் பதிவில் அனுப்பியவர், பெற்றவர், தொகை, திகதி ஆகியன இருக்கும். பணத்தின் வரலாறு இராது. யாழ்ப்பாணத்தில் பெற்றோர் காணியை விற்று, வென்ற்வேர்த்வில்லில் மகள் வீடு வாங்குவதற்கு முற்பணமாக 60,000 டொலர் அனுப்பினால், கணினிக்குத் தெரிவது வெளிநாட்டிலிருந்து ஒரு பெருந்தொகை வந்தது என்பது மட்டுமே. அன்பளிப்பாக இருப்பின் அது வருமானமன்று. ஆனால் வெளிநாட்டு வருமானத்தை உறவினரின் அன்பளிப்பு என்றோ கடன் என்றோ காட்டி மறைப்போர் குறித்து 2021 இல் திணைக்களம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. அதன் பின்னர் உண்மையான அன்பளிப்பும் ஐயக்கண்ணோடு பார்க்கப்படும் நிலை உண்டாயிற்று.

பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து சீட்டுப் பிடித்தால், பணம் ஒருவரின் கணக்கில் சேர்ந்து மாதந்தோறும் மற்றொருவருக்குச் செல்லும். தமிழருக்கு அது நம்பிக்கையின் மேல் நிற்கும் சேமிப்பு. வங்கிக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு அது பலரிடம் பணம் பெற்று நடத்தப்படும் தொழிலின் வரவுபோலத் தோன்றும். மதுரையில் வாழும் முதிய பெற்றோர், தமக்குப் பின் சிரமம் வரக்கூடாதென்று தம் நிலையான வைப்பில் மெல்பேர்ண் மகனின் பெயரையும் சேர்த்திருப்பர். பொது அறிக்கையிடல் முறையின் விதிப்படி, கூட்டுக் கணக்கின் முழு இருப்பும் ஒவ்வொரு கணக்காளரின் பெயரிலும் அறிவிக்கப்படும். மகன் ஒரு சதம் போடாத, ஒரு சதம் எடுக்காத பணம், அவருடைய பணமாக அவுஸ்திரேலியக் கணினியில் நிற்கும்.

பெயர்ச் சிக்கலோ தமிழருக்கே உரியது. தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றில்லை. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் பின்னால் வரும். ஊர் வங்கியில் அது முன்னெழுத்தாகச் சுருங்கும். அவுஸ்திரேலிய வங்கியில் முன்னும் பின்னும் மாறும். வரிக் கோப்பு எண் இல்லாத தரவுகளில் பெயர், பிறந்த திகதி, முகவரி ஆகியவற்றைக் கொண்டே ஆளை அடையாளம் காணவேண்டும். அவ்வாறு பொருத்தும்போது கணினி தருவது உறுதியன்று, ஓர் அனுமானம். முகாம்களிலும் படகுகளிலும் வந்து, உண்மையான பிறந்த நாள் எழுதப்படாமல் ஜனவரி முதலாம் நாளே பிறந்த நாளாகப் பதியப்பட்டோர் மத்தியில் அந்த அனுமானம் மேலும் வலுவிழக்கிறது.

தற்காலிக விசாவில் இருப்போருக்குப் பொதுவாக வெளிநாட்டு முதலீட்டு வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டு. இவ்விலக்கு 2006 முதல் சட்டத்தில் உள்ளது. பிறநாட்டு வங்கி அனுப்பும் பதிவிலோ அவருடைய விசா என்ன என்பது இராது.

சுமை யார் தலையில்?

தரவு தவறாகலாம். அதனால்தான் கேள்வி கேட்டுக் கடிதம் அனுப்பப்படுகிறது. விளக்கினால் முடிந்தது என்று கூறுவர். பெரும்பாலான கடிதங்கள் அவ்வாறே முடிகின்றன என்பதையும் மறுக்கவேண்டியதில்லை. விளக்கம் ஏற்கப்படாதபோது என்ன நிகழும் என்பதே வினா.

1953 ஆம் ஆண்டின் வரி நிர்வாகச் சட்டப்படி, மதிப்பீடு மிகையானது என்று நிரூபிக்கும் பொறுப்பு வரி செலுத்துநருடையது. ஆணையாளரின் மதிப்பீட்டு முறையில் குறையுண்டு என்று காட்டினால் மட்டும் போதாது என்று 1990 இல் அவுஸ்திரேலியாவின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரின் சொத்துப் பெருக்கத்தைக் கொண்டு ஆணையாளர் வருமானத்தை ஊகித்த வழக்கொன்றில், தம் உண்மையான வருமானம் எவ்வளவு என்பதை வரி செலுத்துநரே நிறுவவேண்டும் என்று 2013 இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு ஆயம் கூறியது. அதாவது, ஆணையாளரின் எண் பிழையென்று காட்டியவரும் தம் எண்ணை ஆவணங்களோடு நிறுவாவிட்டால் தோற்பார்.

வருமான விபரங்கள் வரி செலுத்துநரிடமே இருந்த காலத்தில் இவ்விதிக்கு நியாயம் இருந்தது. தன் கணக்கேடு தன் கையில் இருப்பவரே அதைக் காட்டவேண்டும். இன்று நிலை தலைகீழாகிவிட்டது. பதிவு வங்கியிடமும் செயலியிடமும் அயல்நாட்டு அரசிடமும் இருக்கிறது. அதை உருவாக்கியவரும் வரி செலுத்துநரல்லர், திருத்த வல்லவரும் அவரல்லர். ஆனாலும் அதைப் பொய்யாக்கும் பொறுப்பு மட்டும் அவரிடமே விடப்பட்டுள்ளது.

காலக்கணக்கும் நீதியாக இல்லை. சாதாரண தனிநபரின் மதிப்பீட்டை 2 ஆண்டுகளுக்குள்ளும், ஏனையோருடையதை 4 ஆண்டுகளுக்குள்ளும் திருத்தலாம். மோசடி அல்லது ஏய்ப்பு நிகழ்ந்தது என்று ஆணையாளர் கருதினால் எந்தக் கால எல்லையும் இல்லை. ஆவணங்களை 5 ஆண்டுகள் பேணினால் போதும் என்று பொதுமக்களுக்குச் சொல்லப்படுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய பணமாற்றுக்கு விளக்கம் கேட்கப்படும்போது, சொன்னபடி நடந்தவரின் கை வெறுமையாக இருக்கும். வன்னியில் வீட்டோடு காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் போருக்குப் பறிகொடுத்த குடும்பம் எதைக் கொண்டுவந்து காட்டும்?

வழக்காடும் காலத்திலும் வசூலிப்பு நிற்பதில்லை. மீளாய்வு நிலுவையில் இருப்பது வரியை அறவிடத் தடையன்று என்று சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. சர்ச்சைக்குரிய வரியின் அரைவாசியைச் செலுத்தினால் மீதியை ஒத்திவைக்கும் ஏற்பாடு நடைமுறையில் உண்டு. ஆனால் இல்லாத வருமானத்துக்கு விதிக்கப்பட்ட வரியின் அரைவாசியை எந்த வருமானத்திலிருந்து செலுத்துவது? செலுத்தாத தொகைக்கு நாள்தோறும் கூட்டுவட்டி ஏறும். 2025 யூலை முதலாம் நாளிலிருந்து அவ்வட்டியை வரிக்கழிவாகக் கோரவும் முடியாது. தண்டம் 25 வீதத்தில் தொடங்கி 75 வீதம் வரை செல்லலாம். திணைக்களம் வங்கிக்கு அறிவித்தல் அனுப்பி நேரடியாகவே பணத்தைப் பெறலாம்.

வரி நிலுவை உள்ள ஒருவர் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கும் உத்தரவையும் ஆணையாளர் பிறப்பிக்கலாம். நீதிபதியின் முன்னனுமதி இதற்குத் தேவையில்லை. உத்தரவு வந்த பின்னர்தான் நீதிமன்றம் செல்லலாம். மனிதாபிமானக் காரணத்துக்காகப் பயண அனுமதிச் சான்றிதழ் கோரவும் வழியுண்டு. ஊரில் தாயின் இறுதிச் சடங்குக்கு மறுநாளே புறப்படவேண்டியவருக்கு அந்த வழி எத்துணை நீளமானது என்பதைப் புலம்பெயர்ந்தோர் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

மடியிற் கனம் இல்லாதவர் கதை

மடியிற் கனமில்லாதவனுக்கு வழியிற் பயமில்லை என்பது பழமொழி. இத்தகைய கட்டுரைகளுக்கு மறுமொழியாக இதனையே சொல்வோர் உளர். ரோபோடெட்டில் சிக்கியோர் மடியில் கனம் இருக்கவில்லை. அவர்கள் மடியில் கனம் உண்டென்று கணினி சொல்லிற்று, அவ்வளவே.

நெதர்லாந்தின் அனுபவம் இன்னும் கசப்பானது. அங்கே பிள்ளைப் பராமரிப்பு உதவிப்பணத்தை வழங்குவதும் கண்காணிப்பதும் வரித் திணைக்களத்தின் பணி. பல்லாயிரம் பெற்றோர் மோசடிக்காரர் என முத்திரை குத்தப்பட்டு, பெற்ற உதவி முழுவதையும் திருப்பிச் செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். குடும்பங்கள் வீடிழந்தன, மணவாழ்வுகள் முறிந்தன. விண்ணப்பதாரரின் குடியுரிமையை ஐயத்துக்குரிய அடையாளங்களுள் ஒன்றாகத் திணைக்களம் பயன்படுத்தியதும், இரட்டைக் குடியுரிமை விபரங்களை உரிமையின்றி வைத்திருந்ததும் பின்னர் வெளிப்பட்டன. 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருற்றேயின் அரசு இதன் பொருட்டுப் பதவி விலகியது. அதே ஆண்டின் இறுதியில் அந்நாட்டுத் தனியுரிமைக் கண்காணிப்பு அமைப்பு வரித் திணைக்களத்துக்கு 27.5 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. சட்டத்தின் ஆட்சிக்குப் பெயர்பெற்ற நாட்டில் நிகழ்ந்தது இது. வெளிநாட்டுத் தொடர்பு என்பதே ஐயத்துக்குரிய அடையாளமாகும்போது முதலில் அகப்படுபவர் யாரென்பதைத் தனியே சொல்லவும் வேண்டுமோ?

இருக்கின்ற காப்புகள் போதுமா?

அவுஸ்திரேலியாவில் காப்புகள் அறவே இல்லை என்று கூறுவது பொய்யாகும். திணைக்களம் தன் தரவுப் பொருத்தத் திட்டங்களின் நெறிமுறைகளை வெளியிடுகிறது. நடவடிக்கைக்கு முன், தரவின் சரிபிழையைக் கூற 28 நாள் அவகாசம் தருவதாக அந்நெறிமுறைகள் உறுதியளிக்கின்றன. 1997 முதல் வரி செலுத்துநர் சாசனம் ஒன்று உண்டு. 2003 இல் தோற்றுவிக்கப்பட்டு, இன்று வரிக் குறைகேள் அதிகாரி என்ற பெயரில் இயங்கும் அலுவலகம் உண்டு. ஆட்சேபனை தெரிவிக்கலாம், அதற்கப்பால் 2024 ஒக்ரோபரில் தொடங்கிய நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம்.

ஆயினும் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தால் உள்ளே வெறுமை ஒலிக்கிறது. வரிக் கோப்பு எண்ணைக் கொண்டு நலத்துறைத் தரவுகளை ஒப்பிடுவதற்கென 1990 இல் இயற்றப்பட்ட சட்டம், முன்னறிவித்தலையும் பதில் சொல்லும் அவகாசத்தையும் கட்டாயமாக்கியது. அச்சட்டத்துக்கு வெளியே நிகழும் தரவுப் பொருத்தங்களுக்கோ தனியுரிமை ஆணையாளர் 2014 இல் வெளியிட்ட வழிகாட்டல்களே உள்ளன. அவற்றைப் பின்பற்றுவது அத்துறைகளின் விருப்பம். ஆகவே 28 நாள் என்பது வாக்குறுதி மட்டுமே. சாசனத்தை மீறினார் என்று எவர் மீதும் வழக்குத் தொடர முடியாது. குறைகேள் அதிகாரி பரிந்துரைக்கலாம்; மதிப்பீட்டை நீக்க அவருக்கு அதிகாரமில்லை. தீர்ப்பாயத்தில் நிரூபிக்கும் பொறுப்பு முன்சொன்னவாறே வரி செலுத்துநருடையது.

பிற நாடுகள் காட்டும் வழி

மூன்றாம் தரப்பு அறிக்கையை எதிர்கொள்ளும் முறையை ஏனைய நாடுகள் சில சிந்தித்திருக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1996 இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. மூன்றாம் தரப்பு அறிவித்த வருமானத்தை ஒருவர் நியாயமான காரணத்தோடு மறுத்து, அதிகாரிகளுடன் முழுமையாக ஒத்துழைத்திருந்தால், நீதிமன்றத்தில் அவ்வறிக்கையை மட்டும் காட்டிவிட்டு அரசு வாளாவிருக்க இயலாது. அதற்கு மேலான, நம்பத்தக்க ஆதாரத்தை அரசே முன்வைக்கவேண்டும். ஒருவரின் சொல்லை மற்றொருவருக்கு எதிராகக் கொண்டுவருபவர் அச்சொல்லை உறுதிசெய்யவும் கடமைப்பட்டவர் என்னும் எளிய நீதி இது.

பெயர் குறிப்பிடாத பெருந்தொகையான மக்களின் தரவைத் திரட்ட, அமெரிக்காவிலும் கனடாவிலும் வரித்துறை முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டும். எண்ணிம நாணயச் சந்தையான கொயின்பேஸ் தொடர்பில் அமெரிக்க வரித்துறை கேட்டது பெரிது. 2017 நவம்பரில் நீதிமன்றம் அனுமதித்தது அதனிலும் மிகச் சுருங்கிய, சுமார் 14,000 கணக்காளரின் தரவை மட்டுமே. 2025 இல் ஷொப்பிஃபை வணிகத்தளத்தின் வாடிக்கையாளர் தரவைக் கோரிய கனடிய வரித்துறையின் விண்ணப்பத்தை அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் மறுத்தது. அவுஸ்திரேலியாவில் 12 இலட்சம் பேர் வரையிலானோரின் தரவைப் பெற ஆணையாளரின் கையெழுத்தொன்று போதும்.

இந்தியாவிடமும் கற்க ஒன்றுண்டு. அந்நாட்டு வருமானவரித் துறை 2021 நவம்பரில் அறிமுகம் செய்த ஆண்டுத் தகவல் அறிக்கையில், தன்னைப்பற்றி யார் என்ன அறிவித்தார் என்பதை வரி செலுத்துநர் காணலாம். இது என்னுடையதன்று, இது இருமுறை பதியப்பட்டது, இத்தொகை பிழையானது என்று ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே பதிலளிக்கலாம். அப்பதில் தகவல் தந்த நிறுவனத்துக்கே அனுப்பப்பட்டு, அது என்ன கூறிற்று என்பதைக் காணும் வசதியும் 2024 மே மாதத்தில் சேர்க்கப்பட்டது. 140 கோடி மக்களின் நாட்டில் இயலும் ஒன்று, 2 கோடியே 70 இலட்சத்துக்கும் சற்று மேற்பட்டோர் வாழும் நாட்டில் இயலாது என்று கூற எந்தக் கணினிப் பொறியியலாளராலும் முடியாது.

கேட்கவேண்டியவை

அவுஸ்திரேலிய நாடாளுமன்றத்திடம் வைக்கவேண்டிய கோரிக்கைகள் ஐந்து.

முதலாவது, மூன்றாம் தரப்புத் தரவின் அடிப்படையில் வரி உயர்த்தப்படுமுன், அத்தரவு எங்கிருந்து, எப்போது, எந்த வடிவில் வந்தது, எவ்வாறு அந்த ஆளோடு பொருத்தப்பட்டது என்பவை முழுமையாக அவருக்குக் காட்டப்படவேண்டும். 28 நாள் அவகாசம் சட்டமாக்கப்படவேண்டும். வெளிநாட்டு ஆவணம் தேவைப்படும் இடத்தில் அது 90 நாளாக நீளவேண்டும்.

இரண்டாவது, வரி செலுத்துநர் காரணத்தோடு மறுத்தால், தகவல் தந்த நிறுவனத்திடம் திணைக்களமே உறுதிப்படுத்தல் பெறவேண்டும். அதுவரை வசூலிப்பும் வட்டியும் நிறுத்தப்படவேண்டும்.

மூன்றாவது, ஒத்துழைத்த வரி செலுத்துநருக்கு எதிராக, மூன்றாம் தரப்புப் பதிவைத் தனித்த ஆதாரமாகக் கொள்ளலாகாது. மேலதிக ஆதாரத்தை முன்வைக்கும் பொறுப்பு ஆணையாளருடையதாகவேண்டும்.

நான்காவது, பெயரறியா மக்களின் தரவை மொத்தமாகத் திரட்ட நீதிபதி ஒருவரின் அனுமதி வேண்டும். சட்டம் ஆவணம் பேணச் சொன்ன காலத்துக்கு அப்பாற்பட்ட ஆண்டுகளை மோசடி என்று கூறித் திறப்பதற்கும் அவ்வாறே.

ஐந்தாவது, எந்தக் கடனும் மனிதக் கண்ணால் பார்க்கப்படாமல் எழுதப்படலாகாது. அதைப் பார்த்து முடிவெடுத்த அதிகாரி தம் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.

இவற்றுள் எதுவும் ஏய்ப்பவருக்கு உதவாது. வருமானத்தை மறைத்தவரிடம் கேள்விக்குப் பதில் இராது. கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டால் அவர் விரைவிலேயே அகப்படுவார்.

சட்டம் மாறும்வரை தமிழ்க் குடும்பங்கள் செய்யக்கூடியவையும் உள. முன்கூட்டியே நிரப்பப்பட்ட படிவத்தை அப்படியே ஒப்பமிட்டு அனுப்பாமல் வரிவரியாகச் சரிபார்க்கவேண்டும். ஊரிலிருந்து பணம் வரும்போதே, அன்பளிப்பா கடனா என்று இருதரப்பும் திகதியிட்டு எழுதி, காணி விற்ற உறுதியின் பிரதி, அனுப்பியவரின் வங்கிப் பதிவு ஆகியவற்றோடு சேர்த்து வைக்கவேண்டும். அவற்றை ஐந்தாண்டுகளில் எறிந்துவிடக்கூடாது. சீட்டுப் பிடிப்போர் பெயரும் தொகையும் எழுதிய ஏடொன்று பேணவேண்டும். பெற்றோரின் வைப்பில் பெயர் இருப்பின், அப்பணம் யாருடையதென்று வங்கியில் எழுத்தில் பதிவது நன்று. திணைக்களத்தின் கடிதத்தைக் கண்டு அஞ்சி அலுமாரியில் போடுவதே பேரிழப்பைத் தருவது. தன்னைப்பற்றித் திணைக்களம் வைத்திருக்கும் பதிவுகளைத் தகவலறியும் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். வசதி குறைந்தோர் பல்கலைக்கழகங்கள் 2019 முதல் அரச உதவியோடு நடத்தும் இலவச வரி உதவி நிலையங்களை நாடலாம்.

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தமிழ்ச் சங்கங்களும், கோயில்களும், பழைய மாணவர் அமைப்புகளும் ஆண்டுதோறும் எத்தனையோ விழாக்களை எடுக்கின்றன. அம்மேடைகளுக்கு வந்து பொன்னாடை ஏற்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இந்த ஐந்து கோரிக்கைகளையும் ஆங்கிலத்தில் எழுதிக் கையளிக்க ஐந்து நிமிடம் போதும். வியற்நாமியரும், லெபனானியரும், சீனரும், பஞ்சாபியரும் இதே பணமாற்றுக்களைச் செய்பவர்களே, இதே கடிதங்களைப் பெறுபவர்களே. அவர்களுடைய அமைப்புகளோடு கைகோத்தால் இக்குரல் ஒரு சிறுபான்மையின் முறையீடாக ஒதுக்கப்படாது.

ரோபோடெட்டை நிறுத்தியது அரசின் மனச்சாட்சியன்று. சட்ட உதவி நிலையங்களும், கடிதம் பெற்று வாளாவிருக்க மறுத்த சாதாரண மக்களுமே அதை நிறுத்தினர். அதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன. அந்நான்கு ஆண்டுகளில் இழந்தவற்றை எந்த இழப்பீடும் மீட்டுத் தரவில்லை. அடுத்த கடிதங்கள் அச்சாகுமுன் காப்பைக் கேட்டுப் பெறுவது, வரியை ஒழுங்காகச் செலுத்தும் ஒவ்வொருவரின் உரிமையாகும்.